வேர்ச்சொல்லும் வாடகை வீடும்

சீறாப்புராணத்தின் மூன்று காண்டங்களும் அரபுப் பெயர்களைத் தாங்கியவை: விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து. பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு என்று கரும்பலகையில் பொருள் எழுதிவிட்டு மேலே செல்வது வகுப்பறை வழக்கம். உமறுப்புலவர் 5027 பாடல்களில், அரபு நாட்டுக்குள் தமிழ் மருதத்தின் மழையையும் ஆற்றையும் வயலையும் கொண்டுபோய் நிறுத்தியவர். அந்த வயல்களைப் பற்றி ஒரு மணி நேரம் தயக்கமின்றிப் பேசலாம். காண்டத்தின் தலையில் நிற்கும் சொல்லைப் பற்றி மாணவர் ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்டால் பேச்சு நின்றுவிடும். நெடுநாள் உறுத்திய இந்தக் குறைதான் நாற்பது வயதைக் கடந்த பிறகு நம்மை அரபு எழுத்தின் முன் உட்கார வைத்தது. எழுத்தும் ஓதுதலும் ஊரிலேயே கற்கலாம். மக்கள் வாயில் வழங்கும் மொழியாக அதைக் காண வேண்டும் என்ற ஆசையில், 2019 செப்டம்பரில் ஊதியமில்லா விடுப்பெடுத்து ஜோர்தானின் தலைநகர் அம்மானுக்குச் சென்றோம். நான்கு மாதம், தனியாக.

அம்மான் குன்றுகளின் மேல் அடுக்கிவைத்தாற்போன்ற நகரம். வீடுகளெல்லாம் ஏறத்தாழ ஒரே வெளிர்நிறச் சுண்ணாம்புக்கல். ஜபல் அல்லுவைப்தா என்னும் குன்றில், முதியவர் ஒருவருக்குச் சொந்தமான மூன்று தள வீட்டின் மேல்தளத்தில் ஓர் அறை கிடைத்தது. குழாயில் தண்ணீர் வாரம் ஒருமுறை வரும். மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்ததுதான் மறுவாரம் வரை. எரிவாயு உருளை விற்கும் வண்டி, பேத்தோவனின் புகழ்பெற்ற 'எலிஸுக்காக' என்னும் பியானோ இசையின் தொடக்கத்தை ஒலிபெருக்கியில் ஒலித்தபடி தெருவில் ஏறி இறங்கும். முதல் சில நாட்கள், அந்த அறைக்குள் வந்து நம்மைத் தேடியதுபோல் ஒலித்தது அந்த இசை ஒன்றுதான்.

வகுப்பில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது 'ஃபுஸ்ஹா' எனப்படும் செவ்வரபு. முதல் வாரமே ஹான்ஸ் வேர் அகராதியைப் பயன்படுத்தப் பழக்கினார்கள். நம் அகராதிகளைப்போல முதலெழுத்தைப் பிடித்துக்கொண்டு அதில் நேரே இறங்க முடியாது. ஒரு சொல்லைத் தேட வேண்டுமானால் அதன் வேரை முதலில் அறிய வேண்டும். பெரும்பாலான வேர்கள் மூன்று மெய்களால் ஆனவை. வாவ், லாம், தால் என்ற மூன்றையும் சேர்த்துத் தேடினால், அந்த வேரின் கீழ் ஒரு குடும்பமே கூடி நிற்கிறது. வலத் என்றால் பையன், வாலித் தந்தை, வாலிதா தாய், மீலாத் பிறந்தநாள், மவ்லித் பிறந்தநாளும் அதைப் போற்றும் ஓதலும். நம் ஊரில் மவ்லூது என்றும் மீலாது என்றும் காலங்காலமாய்க் கேட்டு வந்தவை இங்கே அண்ணன் தம்பிகளாய் வரிசையில் இருந்தன. அவற்றோடு 'விலாதத்'தும் இருந்தது. சில நாட்களுக்குப் பின் சர்வீஸ் எனப்படும் பங்கு டாக்சியில் நகரின் கீழ்ப்பகுதிக்குப் போகையில், மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் பெயர்ப்பலகையில் அதே சொல் பெரிய எழுத்தில் எழுதியிருக்கக் கண்டோம். காப்பியத்தின் தலைவாசலில் இருந்த சொல், பிள்ளைத்தாய்ச்சிகள் படியேறும் வாசலிலும் இருந்தது. இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அடுத்த இருக்கையில் அதைச் சொல்லிப் பகிர்ந்துகொள்ள எவருமில்லை.

அரபு அகராதியில் எந்தச் சொல்லும் தனியாக வாழ்வதில்லை. தேடுகிறவர் அதன் குடும்பத்தைக் கேட்டுக்கொண்டுதான் அதனிடம் போக வேண்டும். அந்த ஊர் மக்களும் ஏறத்தாழ அப்படித்தான். கடைக்காரர், முடி திருத்துபவர், ரொட்டி சுடுபவர் என எல்லோரும் பெயரைக் கேட்கும் முன், மனைவி எங்கே, பிள்ளைகள் எத்தனை, ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்டார்கள். விசாரிக்கும் குரலில் இரக்கம் இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரு மொழிக்காகத் தனியே வந்து தங்கும் மனிதர் அவர்களுக்கு வேர் பிடிபடாத சொல்.

பேச்சிலோ வேறொரு சுவர் இருந்தது. எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு என்பது தமிழாசிரியருக்குப் புதிதல்ல. சார்லஸ் ஃபெர்குசன் 1959ஆம் ஆண்டு இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை அரபையே முதன்மைச் சான்றுகளில் ஒன்றாகக் கொள்கிறது. அதை முன்பே படித்திருந்தோம். படித்தது வேறு, அதற்குள் குடியிருப்பது வேறு. நாளேட்டின் தலையங்கத்தை அகராதியின் துணையோடு வாசித்துவிட முடிந்தது. படிக்கட்டில் இருவர் பேசிச் சிரிப்பது புரியவில்லை. 'வேண்டும்' என்பதற்கு நாம் கற்ற 'உரீது' தெருவில் இல்லை, 'பித்தி' இருந்தது. 'என்ன' என்பதற்கு 'மாதா' இல்லை, 'ஷூ' இருந்தது. காப்பிக்கான கஹ்வா என்ற சொல்லின் முதலெழுத்தை நூல் ஒருவிதமாகச் சொல்ல, பழைய ஜோர்தானியர் 'க'வை மென்மையாக்கி வேறுவிதமாகச் சொல்ல, வீட்டுக்கார முதியவரோ அவ்வெழுத்தைத் தொண்டையிலேயே விழுங்கி 'அஹ்வே' என்றார். தமிழ்நாட்டில் ழகரம் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஆனால் சொந்த ஊரில் இரண்டு வழக்குகளுக்கும் நாம் உரிமையாளர். இங்கோ உயர் வழக்கு மட்டும் கையிலிருந்தது. யாருக்கும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியில் நாம் ஊமையாக இல்லை, அவ்வளவே.

சுவரில் கதவு திறந்தது எதிர்பாராத விதமாக. அந்த செப்டம்பர் 8ஆம் நாள் ஜோர்தானின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் 50 விழுக்காடு ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரு மாதம் அது நீடித்தது. வேலைநிறுத்தத்தை 'இத்ராப்' என்கிறார்கள். 'அடித்தான்' என்னும் பொருளுள்ள 'தரப'வின் வேர்தான் அதற்கும். மரபிலக்கண நூல்கள் வினைக்கு எடுத்துக்காட்டாகக் காலங்காலமாய் ஆளும் வினை அது. முதியவரின் மருமகள், "நீங்களும் ஆசிரியர்தானே, உங்கள் தீர்ப்பு என்ன?" என்று மாடிப்படியில் கேட்டார். ஆசிரியர்கள் பக்கமே தீர்ப்பளித்தோம். அதனால் அவருக்கு நேர்ந்த தொல்லை நமக்கு நன்மையாயிற்று. பள்ளியில்லாத அவருடைய பிள்ளைகள் இருவரும் நாள் முழுக்கப் படிக்கட்டில்தான் இருந்தார்கள்.

நாம் வாய் திறந்ததும் மூத்தவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அரபு நாடுகளில் குழந்தைகளுக்கான கேலிச்சித்திரப் படங்கள் பெரும்பாலும் செவ்வரபில்தான் குரல் சேர்க்கப்படுகின்றன. ஆகவே அவன் காதில் நாம் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்த உருவம். தம்பியையும் அழைத்து வந்து, "பேசுங்கள், இன்னும் பேசுங்கள்" என்றான். அன்று முதல் ஒவ்வொரு சொல்லையும் நாம் நூல்வழக்கில் சொல்வதும் அவன் அதைத் தெருவழக்கில் திருப்பிச் சொல்வதும் விளையாட்டாயிற்று. அக்டோபரில் பள்ளி திறந்ததும் கணக்கு மாறியது. அவனுடைய அரபுப் பாடநூல் முழுதும் செவ்வரபு. சொல்லின் ஈற்றில் 'உ' வருமா, 'அ' வருமா, 'இ' வருமா என்று குறியிடும் வீட்டுப்பாடம் அவனை அழவைத்தது. எட்டு வேற்றுமைகளோடு வளர்ந்தவர்களுக்கு மூன்று ஈறுகள் பெரிய சுமையல்ல. எழுவாய்க்கு 'உ', செயப்படுபொருளுக்கு 'அ' என்று அவனுடைய தாய்மொழியின் இலக்கணத்தை அந்நியர் ஒருவர் படிக்கட்டில் அமர்ந்து சொல்லிக்கொடுக்க, அவன் தன் தாயின் பேச்சை அந்நியருக்குச் சொல்லிக்கொடுத்தான். இருவருக்கும் பாதி பாதி இருந்தது.

அவனிடம் கற்றவற்றுள் அகராதியில் கிடைக்காத ஒன்று உண்டு. முதியவர் பேரனைக் கூப்பிடும்போது 'ஸீதோ' என்பார். ஸீதோ என்றால் தாத்தா. தாத்தா பேரனைத் தாத்தா என்று அழைப்பதா என்று கேட்டதற்குப் பையன், அப்படித்தான், அப்பா என்னை 'பாபா' என்பார், அம்மா என்னை 'மாமா' என்பார் என்றான். அழைப்பவர் தம் உறவுப்பெயரையே அழைக்கப்படுபவர்மேல் சூட்டுகிறார். மகளை 'அம்மா' என்றும் மகனை 'அப்பா' என்றும் கொஞ்சும் நமக்கு இதைவிட நெருக்கமான இலக்கணம் எது? பிள்ளைகள் நம்மை 'அம்மோ' என்றார்கள். தந்தையின் உடன்பிறந்தாரைக் குறிக்கும் சொல். நாமும் அவர்களை 'அம்மோ' என்றே அழைக்கத் தொடங்கினோம்.

பெரியவர்களுக்குப் பிள்ளையின் பெயரால் விளிப்பது மரபு. முதியவர் நம் மகளின் பெயரைக் கேட்டார். யாழினி என்றோம். அரபின் 'ஐன்' ஒலி தமிழில் உயிரெழுத்தாய்க் கரைந்துதான் அலியும் உமறும் நமக்குக் கிடைத்தார்கள். அதற்கு ஈடாக நம் ழகரம் அவர் நாவில் லகரமாய்க் கரைந்தது. 'அபூ யாலினி' ஆனோம். ஊரில் நம்மை யாரும் அவளுடைய பெயரால் அழைத்ததில்லை.

அந்தப் பெயரின் எடை நவம்பரில் தெரிந்தது. முதல் குளிர்மழையோடு காய்ச்சல் வந்தது. மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் பருவம். இரண்டு நாள் எழ முடியவில்லை. கைப்பேசியில் வீட்டாரிடம் சளி என்று மட்டும் சொன்னோம். ஏறத்தாழ ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்களை அச்சுறுத்தி ஆகப்போவது என்ன? துணைக்குக் கொண்டுபோயிருந்த குறுந்தொகை தலைமாட்டில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றவில்லை. மனம் திரும்பத் திரும்ப ஒன்றையே எண்ணியது: இந்த அறையில் ஏதேனும் நேர்ந்தால் முதலில் அறியப்போவது யார், எத்தனை நாளில்? மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. "யா அபூ யாலினி!" முதியவரின் குரல். அவர் பின்னால் பையன், கையில் மூடிய கிண்ணம், அதில் சீரகமும் எலுமிச்சையும் இட்ட மைசூர்ப் பருப்புச் சாறு. படிக்கட்டில் நம்மைக் காணாததை அவன்தான் சொல்லியிருக்கிறான்.

முதியவர் கட்டிலருகே அமர்ந்து நம்மைத் தேற்றினார். "அல்குர்பா ஸஅபா" என்றார். அயலில் வாழ்வது கடினம் என்பது பொருள். உடல் தேறியபின் வழக்கம்போல் வேரைத் தேடினோம். குர்பா, அந்நியனைக் குறிக்கும் கரீப், மேற்கைக் குறிக்கும் கர்பு, கதிரவன் மறைவைக் குறிக்கும் குரூப், நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் அந்திக்கு வழங்கும் மக்ரிபு, எல்லாம் ஒரே வேரின் கீழ் இருந்தன.

அவரும் அங்கே பிறந்தவரல்லர் என்பது புறப்படும் வாரத்தில்தான் தெரிந்தது. யாபா நகரத்தில் பிறந்து, 1948இல் ஐந்து வயதில் பெற்றோருடன் வெளியேறியவர். வீடு கட்டி, பிள்ளைகளை ஆளாக்கி, பேரன்களையும் கண்டுவிட்ட ஊரில் எழுபத்தோர் ஆண்டுகள் கழிந்த பின்னும், அயல்வாழ்வு கடினம் என்று நமக்கு ஆறுதல் சொன்னார். நம்முடைய தனிமைக்கு நான்கு மாத எல்லை இருந்தது. பையில் திரும்பும் பயணச்சீட்டும் இருந்தது. தொட்டியில் தண்ணீர் பார்க்க மாலையில் மாடிக்கு வருபவர், சற்று நேரம் அங்கே கிடந்த நெகிழி நாற்காலியில் அமர்ந்துவிட்டுப் போவார். நாற்காலி எப்போதும் மேற்கு நோக்கியே கிடந்தது. யாபா அந்தத் திசையில் இருக்கிறது.