காய்ச்சலை ஏசாமல், காத்திருக்காமல்



காய்ச்சலை ஏசலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள்; அது பாவங்களைப் போக்கும் என்பது நம் நம்பிக்கை. ஆயினும் பொறுமை என்பது மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதன்று.

கீமோ சிகிச்சை பெற்றுவந்த என் தாயாருக்குப் பத்தாம் நாள் இரவு காய்ச்சல் கண்டது. "மாத்திரை கொடுத்துவிட்டு, விடிந்ததும் போகலாம்" என்றனர் உறவினர். ஆரணியிலிருந்து வேலூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அவ்விரவே புறப்பட்டோம்.

வெள்ளணுக்கள் குறைந்த உடலில் சீழோ வீக்கமோ தோன்றாமல் போகலாம். காய்ச்சலே ஒரே அறிகுறியாக இருக்கக்கூடும். மாத்திரை அதையும் மறைத்துவிடும். ஆனால் புற்றுக்கட்டியும், மருந்தும், ரத்தம் ஏற்றுவதும்கூடக் காய்ச்சல் தரும். அதனால்தான் ரத்தத்தில் சி.ஆர்.பி., புரோகால்சிட்டோனின் ஆகியவற்றின் அளவைப் பார்க்கிறார்கள். முன்னது புற்றுநோயாலேயே உயரக்கூடும். பின்னது பாக்டீரியாத் தொற்றில் சில மணி நேரத்தில் உயரும். இத்தொடர்பு 1993இல் வெளியானது. எனினும் அது இயல்பாக இருப்பதைக் கொண்டு மட்டும் தொற்றில்லை எனத் துணிய முடியாது. ஆகவே கிருமி வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுத்தபின், முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் தொடங்குவதே முறை.

தாயாருக்கு அளவு மிக உயர்ந்திருந்தது. அம்முடிவு வருமுன்பே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அளவு இறங்கியது. அல்ஹம்துலில்லாஹ், அமர்ந்தபடியே தொழுதார்.

பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்திப் பிணைக்கும் ஊர் நம்முடையது. கீமோ பெறுபவர் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும்; 100.4 டிகிரியைத் தொட்டால் விடியலுக்குக் காத்திராதீர்கள். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.