கொழுந்து கிள்ளிய கை

காலையில் பால் பொங்குவதற்குள் "டீ ஆச்சா?" என்று இரண்டு குரலாவது கேட்காத வீடு உண்டா? கென்யாவில் விளையும் தேயிலையில் பெரும்பகுதி கப்பலேறி வெளிநாடு போகிறது. நம் நாட்டிலோ விளைவதில் பெரும்பகுதியை நாமே குடிச்சுத் தீர்க்கிறோம். ஆனால் அதைக் கிள்ளிய கை யாருடையது என்று நினைப்பதில்லை. எங்கள் இலத்தூருக்கு ஒரு அக்கா குடிவந்த பிறகுதான் எனக்கே அந்த நினைப்பு வந்தது.

மாஞ்சோலையில் முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். "ரெண்டு இலை, ஒரு மொட்டு. முத்தின இலை சேந்தா டீ ருசிக்காது" என்பார். மழை, குளிர், அட்டைக்கடி எல்லாம் தினப்படி சமாசாரம்.

சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை அது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக எஸ்டேட்டுகள். தொழிலாளர்களின் கூலிக்காக 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடந்தது. தாமிரபரணிக் கரையில் 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு பச்சைக் குழந்தையும் உண்டு. பெற்றவளுக்கு அதைக் கேட்டால் வயிறு எரியாதா?

குத்தகை முடிவது 2028-ல். ஆனால் 2024 ஜூனிலேயே விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலை நிறுத்தப்பட்டது. புலிகள் காப்பகத்து மலை, மறுபடி காடாக வேண்டும் என்பதும் நியாயம்தான். நெல்லைச் சீமைக்குத் தண்ணீர் தரும் மலையல்லவா! ஆனாலும் லயன் வீட்டில் பிறந்து, லயன் வீட்டிலேயே பிள்ளை பெற்றவள் எங்கே போவாள்? வேலை போனால் வீடும் போச்சு.

கீழே வந்து பீடி சுற்றிப் பார்த்தார் அக்கா. ஐம்பது வயசுக்கு மேல் விரல் புதுசாய்ப் பழகவில்லை. கைக்கு வந்த பணத்தை ஆட்டோ வாங்க மகன் கேட்டான். அக்கா அசையவில்லை. முதலில் தன் பேரில் இரண்டு சென்ட் மனை வாங்கிப் பத்திரம் பதிந்தார். "எனக்குன்னு ஒரு வாசல் வேணும்லா?" என்றார்.

சகோதரிகளே, நம்மில் எத்தனை பேருக்கு நம் பேரில் ஒரு வாசல் இருக்கிறது? சேமிப்போ, மனையோ, சின்னதானாலும் நம் பேரில் ஒன்று இருக்கட்டும். உழைத்த கைக்கு ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா?