கலாய்க்க ஒரு ஆள் வேணும்

ஃபுட்பால்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா கோல்னு சொல்ல மாட்டேன். மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்டேடியம் வாசல்ல ரெண்டு மூணு மணி நேரம் நடக்குமே, அந்தக் கலாய்ப்புதான். டிக்கெட்டுக்குக் காசு குடுக்கறோம், கலாய்ப்பு இலவச இணைப்பு. பல நாள் மெயின் அயிட்டம் ஊத்திக்கும், இலவச இணைப்புதான் மனசுல நிக்கும் :)

கிளாஸ்ல எல்லாரும் கேக்கற கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். "டேய், நீ இருக்கறது மன்னார்புரம். டீம் இருக்கறது சென்னை. நடுவுல முன்னூறு கிலோமீட்டருக்கு மேல. உனக்கு எதுக்குடா இந்த வேலை?" நியாயமான கேள்விதான். என்ன பண்றது, திருச்சிக்குன்னு லீக் ஆடற டீம் கிடையாது. சென்னை சிட்டின்னு ஒரு டீம் இருந்துச்சு. பேருதான் சென்னை, ஹோம் மேட்ச் ஆடுனதெல்லாம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துல. 2018-19ல ஐ-லீக் சாம்பியன். அப்படிப்பட்ட டீமே ரெண்டு மூணு வருஷத்துல காணாமப் போச்சு. ஐஎஸ்எல்ல தமிழ்நாட்டுக்கு மிச்சம் இருக்கறது சென்னையின் எஃப்சி மட்டும்தான். அதனால 'ஹோம் மேட்ச்'னா எனக்கு அர்த்தம் இதுதான்: ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், அன்ரிசர்வ்டு, ஒத்தக் கால்ல தூக்கம், விடியக்காலை எழும்பூர். மேட்ச் சாயங்காலம் ஏழரைக்கு. அதுவரைக்கும் வேற என்ன பண்ண முடியும் சொல்லுங்க, கலாய்க்கறதத் தவிர?

அதுவும் எதிர்ல கேரளா பிளாஸ்டர்ஸ்னா கேக்கவே வேண்டாம். அவங்க ரசிகர் கூட்டத்துக்குப் பேரு மஞ்சப்படை. பேருக்கேத்த மாதிரி சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து பெரியமேடு வரைக்கும் மஞ்சளாக் கொட்டும். இங்கதான் எங்களுக்கு ஒரு தர்மசங்கடம். சேப்பாக்கத்துல மஞ்சள்னா உயிரு. அங்கேருந்து கொஞ்ச தூரத்துல இருக்கற நேரு ஸ்டேடியத்துல மஞ்சள்னா எதிரி. நாங்க போட்டிருக்கறது நீலம். ஐபிஎல் கணக்குல பாத்தா மும்பை கலரு! "தோனியோட டீமு, தோனியோட ஊரு, ஆனா தோனி கலர்ல வந்திருக்கறது நாங்களாக்கும்"னு ஒரு சேட்டன் சொன்னாரு பாருங்க, எங்க ஆளுங்க யாருக்கும் பத்து செகண்டுக்கு வாயே தொறக்கல. (தோனி சென்னையின்ல ஒரு பங்குதாரர். அவங்க பக்கம் ஆரம்பத்துல சச்சின் இருந்தாரு, 2018ல பங்கை வித்துட்டுப் போயிட்டாரு. "சச்சினே கப்பு வராதுன்னு தெரிஞ்சுதான் போயிட்டாரு"ன்னு நாங்க அன்னிக்குத் திருப்பிக் குடுத்தோம்.)

பிளஸ் ஒன்ல கணக்குப்பதிவியல் படிச்சவங்களுக்கு இது சுலபமாப் புரியும். கலாய்ப்பும் இரட்டைப் பதிவு முறைதான். ஒவ்வொரு பற்றுக்கும் சமமா ஒரு வரவு இருந்தாகணும். நீ ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொல்லணும், ரெண்டும் பழைய பேரேட்டுல இருக்கற நிஜமான என்ட்ரியா இருக்கணும். பொய் என்ட்ரி போட்டா அடுத்த செகண்டே ஆடிட்டிங்ல மாட்டிக்குவ.

எங்க வரவுப் பக்கம்: ரெண்டு கோப்பை. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையே முங்கிக் கிடந்தப்போ, அரையிறுதியோட ஹோம் மேட்ச்சை சொந்த ஊர்ல ஆட முடியாம புனேவுல போய் ஆடி, கொல்கத்தாவை 3-0ன்னு அடிச்சாங்க. அதே மாசம் 20ஆம் தேதி கோவாவுல ஃபைனல். மேட்ச் முடியப் போற நேரத்துல கோவா 2-1 முன்னிலை. அவங்க ஊரு, அவங்க கூட்டம், பட்டாசு பத்த வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கடைசி நிமிஷங்கள்ல ரெண்டு கோல். 3-2. வெற்றி கோல் மென்டோசா. அப்புறம் 2018 மார்ச்ல பெங்களூரை அவங்க மைதானத்துலயே அதே 3-2. 2020 பிப்ரவரில கொச்சிக்கே போய் 6-3. பிளாஸ்டர்ஸ் கணக்குல கோப்பை எதுவும் இல்ல. 2014, 2016, 2022ன்னு மூணு ஃபைனல், மூணும் தோல்வி. "கப்பு எங்க சேட்டா? கடையில டீ கப்பாவது இருக்கா?" - இது பத்து வருஷமா ஓடற டயலாக். பழசுதான், ஆனா தேயவே தேயாது.

இப்ப பற்றுப் பக்கம். அவங்க சும்மா இருப்பாங்களா? 2014 அரையிறுதி. கொச்சியில 3-0 வாங்கிட்டு வந்து, சென்னையில அதே 3-0ஐத் திருப்பி அடிச்சு, மேட்சை எக்ஸ்ட்ரா டைமுக்கு இழுத்துட்டுப் போனோம். 117ஆவது நிமிஷம் பியர்சன் ஒரு கோல். முடிஞ்சது கதை. அப்புறம் சாம்பியன் ஆன கையோட 2018-19ல என்ன ஆச்சு? 18 மேட்ச், 9 பாயின்ட், கடைசி இடம். இதெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். ஆனா இதையெல்லாம் தாங்கிக்கலாம். தாங்க முடியாதது ஒண்ணு இருக்கு.

"மச்சானே, கப்பு ரெண்டு இருக்கு, சம்மதிச்சு. பின்னே உங்க ஊர்ல உங்க ஆளக் காணலையே?"

இதுக்கு எங்ககிட்ட பதில் இல்லீங்க. கொச்சியில ஆளுங்க கூடற மாதிரி சென்னையில கூடறது இல்ல. நம்ம ஊர் ஜனத்தொகையில நூத்துல ஒரு பங்கு வந்தாக்கூட ஸ்டேடியம் பத்தாது. அடுத்த கேள்வி அதைவிட மோசம். "உங்க டீம்ல தமிழன் எத்தனை பேரு?" வியாசர்பாடி இருக்கு, கன்னியாகுமரிப் பக்கம் தூத்தூர் இருக்கு, தெருவுக்குத் தெரு பந்து உதைக்கற ஊருங்க. மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரையில இருந்துதான் வந்தாரு. சென்னைப் பையன் நந்தகுமார் 2023ல ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிரா கோல் போட்டு கொல்கத்தாவையே கலக்கினாரு. கொல்கத்தாவை! சென்னையை இல்ல. கலாய்ப்புல ஒரு நல்ல குணம் இதுதான். ரிப்போர்ட்டர் கேக்கத் தயங்கற கேள்வியை எதிரணிக்காரன் டீயை உறிஞ்சிக்கிட்டே கேட்டுடுவான்.

2025 ஜனவரி 30, வியாழக்கிழமை. அன்னிக்கு நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். பெரியமேட்டுல ஒரு டீக்கடை. நாங்க பதினஞ்சு பேரு, அவங்க இருபது பேரு. நல்லா ஓடிட்டு இருந்துச்சு. நான்கூட "எங்க ஊர்ல மலைக்கோட்டை ஏறினா 400 படிக்கு மேல, உச்சியில பிள்ளையாராவது இருப்பாரு. நீங்க மூணு தடவை ஏறிப் போயும் ஒண்ணுமில்லாம எறங்கினீங்களே"ன்னு ஒரு லோக்கல் பீஸ் எடுத்து விட்டேன், எதிர்க்கூட்டத்துலயே ரெண்டு பேர் சிரிச்சாங்க. எதிராளி சிரிச்சாத்தான் அது கலாய்ப்பு. நம்ம ஆளு மட்டும் சிரிச்சா அது வெறும் சத்தம்.

அப்ப அவங்க பக்கத்துல இருந்து ஒரு பொடியன் "போடா பாண்டி"ன்னு கத்தினான். தெரியாதவங்களுக்கு: அது தமிழனை மட்டம் தட்ட அங்க சில பேர் சொல்ற வார்த்தை. சட்டுன்னு ஒரு அமைதி. எங்க கூட்டத்துல ஒருத்தன் கொதிச்சுட்டான். ஆனா அவன் திருப்பி அடிச்சது அந்தப் பொடியனை இல்ல. மஞ்சள் டீம்ல ஆடற வடகிழக்குப் பையன்களைச் சொல்லி, கண்ணை ரெண்டு விரலால இழுத்துக் காட்டி ஒரு வார்த்தை விட்டான். இங்க எழுத மாட்டேன். நாலஞ்சு பேர் சிரிச்சாங்க.

அன்னிக்கு சண்டை வந்திருக்கணும். வரல. காரணம் ரெண்டு பேரு.

ஒருத்தர் அவங்க பக்கம், வயசு அம்பது இருக்கும், மஞ்சள் ஜெர்சிக்கு மேல வேட்டி. அந்தப் பொடியன் தோள்ல கைய வெச்சு, "எடா, அது வேண்டா. களியைப் பத்திப் பற"ன்னாரு. அவ்வளவுதான். (களின்னா ஆட்டம்.) இன்னொருத்தர் எங்க பக்கம். எல்லா ஹோம் மேட்ச்சுக்கும் வர்ற ஒரு அண்ணன், அதிகம் பேச மாட்டாரு. கண்ணை இழுத்துக் காட்டினவன்கிட்ட மெதுவாக் கேட்டாரு.

"தம்பி, ஜெஜே எந்த ஊரு?"

"மிசோரம்ணே."

"ஜெர்ரி?"

"அதுவும் மிசோரம்தாண்ணே."

"அவங்க ஆடறப்போ என்னன்னுடா கத்துனோம்?"

பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஜெஜே லால்பெக்லுவா யாருன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ரெண்டு கோப்பையிலும் சென்னையின் முன்வரிசையில ஆடினவரு. இந்த ஊரே தலையில தூக்கி வெச்சு ஆடின ஆளு. இப்ப அரசியலுக்குப் போயிட்டாரு, 2023ல மிசோரம் சட்டசபைக்கு எம்எல்ஏவா ஜெயிச்சாரு. அவரைத் தூக்கி வெச்ச அதே தோளுக்கு மேல இருக்கற வாய், அவரு முகத்தையே கேலி பண்ணுதுன்னா அது எதிரணியைத் திட்டறது இல்ல. நம்ம பேரேட்டை நாமளே கிழிக்கறது.

அப்ப கோடு எங்க இருக்கு? நான் ரயில்ல வரும்போது யோசிச்சுப் பாத்தது இது. ஒருத்தன் தேர்ந்தெடுத்ததைக் கலாய்க்கலாம். டீமை அவன்தான் தேர்ந்தெடுத்தான், ஜெர்சியை அவன்தான் காசு குடுத்து வாங்கினான், கப்பு வரும்னு நம்பினது அவன் சொந்த முடிவு. அதுல எவ்வளவு வேணா அடிக்கலாம். பிறப்புல வந்ததைத் தொடக்கூடாது. மூக்கு, கண்ணு, நிறம், சாதி, மொழி, அம்மா, இதெல்லாம் யாரும் சீசன் டிக்கெட் மாதிரி வாங்கிட்டு வரல. இதுல இன்னொண்ணும் உண்டு. டீமைச் சொன்னா அவன் திருப்பிச் சொல்ல ஏதாவது இருக்கும். பிறப்பைச் சொன்னா அவன் என்ன பதில் சொல்வான்? கணக்கு டேலி ஆகாது. டேலி ஆகாத கணக்கு கடைசியில கைகலப்புலதான் போய் முடியும்.

மேட்ச் என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? மூணாவது நிமிஷமே ஒரு கோல் வாங்கினோம். முதல் பாதியிலயே நம்ம வில்மர் ஜோர்டான் ரெட் கார்டு. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாடி ரெண்டாவது கோல். போட்டது யாரு? கோரோ சிங். 18 வயசு மணிப்பூர்ப் பையன். எனக்கு முன் வரிசையிலதான் அந்தக் கண்ணை இழுத்தவன் உக்காந்திருந்தான். திரும்பிப் பாக்கவே இல்ல. கடைசியில 3-1, தோல்வி. வெளியில வரும்போது அந்த வேட்டி சேட்டன் எதுக்க வந்தாரு. ஜெயிச்ச திமிரைக் காட்டுவாருன்னு பாத்தா, "அடுத்த சீசன் பாக்கலாம் மச்சானே"ன்னு கையைக் குடுத்துட்டுப் போனாரு.

அடுத்த சீசன். எவ்வளவு ஈஸியாச் சொல்லிட்டோம்!

2025 ஜூலை 11 அன்னிக்கு லீக்கை நிறுத்தி வெச்சிருக்கோம்னு அறிவிச்சாங்க. ஃபெடரேஷனுக்கும் லீக் நடத்தற கம்பெனிக்கும் 2010ல போட்ட 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பர்ல முடியுது, அதுக்கப்புறம் என்னன்னு யாருக்கும் தெரியல. பி.காம் மாணவன் பார்வையில சொன்னா, டிசம்பருக்கு மேல உரிமை யாருக்குன்னு தெரியாத கடைக்கு எவன் சரக்கு இறக்குவான்? ஆகஸ்ட்ல பெங்களூர் சம்பளத்தை நிறுத்துச்சு. அடுத்த சில நாள்லயே சென்னையினும் செயல்பாட்டை நிறுத்தி வெச்சுது. பிளேயருங்க மட்டும் இல்ல, புல்லு வெட்டறவரு, ஜெர்சி துவைக்கறவரு, எல்லாரும் நடுத்தெருவுல.

எங்க கிளாஸ்ல ஒரு பாலக்காட்டுப் பையன் இருக்கான், தீவிர மஞ்சப்படை. ரெண்டு வருஷமா தினமும் அவனும் நானும் முட்டிக்குவோம். அந்த ஆகஸ்ட்ல ஒரு நாள் கேன்டீன்ல எதிரெதிரா உக்காந்திருந்தோம். யாருக்கும் எதுவும் வரல. கடைசியா அவன்தான் சொன்னான், "கப்பு இருக்கற டீமும் கப்பு இல்லாத டீமும் இப்ப ஒரே பாயின்ட்டுலதாண்டா இருக்கு. சைபர்." நல்ல ஜோக்குதான். ரெண்டு பேருமே சிரிக்கல.

அப்பதான் 2018ல சுனில் சேத்ரி வீடியோ போட்டது ஞாபகம் வந்துச்சு. மும்பையில இந்தியா 5-0ன்னு ஜெயிச்ச மேட்ச்சைப் பாக்க வந்தவங்க 2,569 பேரு. அதுக்கப்புறம் அவரு கையெடுத்துக் கேட்டுக்கிட்டதோட சாரம்: திட்டணுமா, திட்டுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வந்து திட்டுங்க. அடுத்த மேட்ச் டிக்கெட் மொத்தமும் வித்துத் தீந்துச்சு, கொட்டற மழையில. அவரு பெங்களூர்க்காரரு, லீக்ல எங்களுக்குப் பரம விரோதி. ஆனா அன்னிக்குச் சொன்னது சத்தியமான வார்த்தை. திட்டறதுக்கு ஆள் வந்தாத்தான் ஆட்டம் உசுரோட இருக்கு.

ஒருவழியா 2026 பிப்ரவரி 14ல லீக் ஆரம்பிச்சுது. 14 டீம், 91 மேட்ச். ஒவ்வொரு டீமோடவும் ஒரே ஒரு தடவைதான் மோதல். "இங்க தோத்தா என்ன, உங்க ஊருக்கு வந்து பாத்துக்கறோம்"னு சொல்ற வசதி போச்சு. பாதிக் கலாய்ப்பு அதுலயே அவுட். பரவால்ல, இல்லாததுக்கு இது மேல்.

இதனால் சக மாணவர்கள் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஹோம் மேட்ச்சுக்கு நாலு பேர் சேந்தா ஜங்ஷன்ல இருந்து ஒண்ணாக் கிளம்பலாம். ஃபுட்பால் தெரியலன்னாலும் ஒண்ணுமில்ல, ஆஃப்சைடுன்னா என்னன்னு விழுப்புரம் தாண்டறதுக்குள்ள சொல்லிக் குடுத்துடறேன். வாய் இருந்தாப் போதும். ஜெஜே எந்த ஊருன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு வாங்க.