தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சி

“எங்க காலத்துல ஊசி ஏது, மருந்து ஏது? மணல்வாரி வந்தா நிலைவாசல்ல வேப்பிலை செருகுவாங்க. இறங்கினதும் தலைக்குத் தண்ணி ஊத்துவாங்க. அப்புறம் தெருவுல விளையாடப் போயிருவோம்.” கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் என் வயதுக்காரர் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. எழுபதைத் தாண்டியவர் சொன்னால் பேச்சுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் தாயின் காதிலும் அது விழுகிறது. ஆகவே எங்கள் சாட்சியம் எவ்வளவு தூரம் செல்லும் என்று நாங்களே விசாரித்துக்கொள்வது நல்லது.

1846-இல் அப்படி ஒரு விசாரணை நடந்தது. வட அட்லாண்டிக் கடலில் ஃபாரோ தீவுகள் என்று டென்மார்க்கைச் சேர்ந்த தீவுக்கூட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதம் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு தச்சர், மணல்வாரியையும், அதாவது தட்டம்மையையும், கூடவே கொண்டுவந்துவிட்டார். 7,782 பேர் வாழ்ந்த இடத்தில் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். அரசு அனுப்பிய டாக்டர்களில் ஒருவர் பீட்டர் பானும். வயது 25. நோயைத் தீர்க்கும் மருந்து அவரிடம் இல்லை. ஊர் ஊராகப் போய், யார் எந்த நாளில் யாரோடு இருந்தார், தடிப்பு எந்த நாளில் தெரிந்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். ஊருக்கு ஊர் கடலும் மலையும் குறுக்கே கிடந்ததால் வருவோர் போவோர் குறைவு. வெளியூரிலிருந்து எவர் வந்தாலும் அந்தத் தேதி ஜனங்களுக்கு நினைவிருந்தது. தொற்றிய பிறகு தடிப்பு வர 13, 14 நாளாகும் என்பதை அவர் அப்படித்தான் பிடித்தார். வைரஸ் என்ற பேச்சே பிறக்காத காலம் அது.

அதைவிடப் பெரிய விஷயம் கிழவர்களிடம் கிடைத்தது. அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். நடுவில் 65 ஆண்டுகள் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1781-இல் சிறுபிள்ளையாக அம்மை கண்டு பிழைத்தவர்கள் 98 பேரை பானும் நேரிலேயே பார்த்தார். ஒருவருக்கும் மறுபடி வரவில்லை. அதே வயதுக்காரர்களில் அந்த முறை தப்பியவர்களோ இப்போது படுத்தார்கள். வயதும் தேகக்கட்டும் காக்கவில்லை. சிறுவயதில் ஒருமுறை கண்டதுதான் காத்தது.

ஒருமுறை கண்டது எப்படிக் காக்கிறது? நம் ரத்தத்தில் ஒருவகை வெள்ளையணுக்கள் இருக்கின்றன. கோடிக்கணக்கான வகை, ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட உருவத்தை மட்டும் அடையாளம் காணும். புதிய கிருமி நுழைந்தால், அதற்குப் பொருந்தும் ஒன்றிரண்டு அணுக்கள் அதைக் கண்டுபிடித்து, பெருகி, எதிர்ப்பொருள் சுரக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகிறது. அந்த இடைவெளியில்தான் நோய் ஆடித் தீர்க்கிறது. சண்டை முடிந்ததும் பெரும்பாலான அணுக்கள் மடிந்துபோகும். கொஞ்சம் மட்டும் பல்லாண்டுகள் தங்கிவிடும். இவற்றை நினைவு அணுக்கள் என்கிறார்கள். அதே கிருமி மறுபடி வந்தால், நோயாக முற்றுவதற்குள் இவை முந்திக்கொள்ளும்.

அப்படியானால் மண்டபத்துப் பெரியவர் சொன்னது சரிதானே என்று தோன்றும். பாதி சரி. ஆனால் பானும் பார்த்த 98 பேரும் 1781-ஐத் தாண்டி வந்தவர்கள். தாண்டாதவர்களிடம் கேட்க வழியில்லை. இது அம்மைக்கு மட்டுமல்ல. “வாத்தியார் பிரம்பால விளாசினார், நல்லாத்தானே இருக்கோம்” என்பவரும், “ஹெல்மெட் இல்லாமலே நாப்பது வருஷம் வண்டி ஓட்டினேன்” என்பவரும் பேசுவது இதே கணக்குதான். பள்ளிக்கூடத்தை விட்டே ஓடிப்போனவனும் வண்டியிலிருந்து விழுந்தவனும் அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பதில்லை. எங்கள் தலைமுறையில், ‘பெற்றது ஏழு, தங்கியது நாலு’ என்று எத்தனை தாய்மார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்! தங்காத மூன்றைப் பற்றி யாரும் விரித்துப் பேசுவதில்லை.

தட்டம்மைக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. அது நினைவு அணுக்களையே தாக்கி அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டார்கள். மற்ற நோய்களுக்கு எதிராக அவர்கள் அதுவரை சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. 2019-இல் இந்த ஆய்வு வெளியானது. அம்மை இறங்கிய பிறகும் குழந்தை மாதக்கணக்கில் சளி, வயிற்றுப்போக்கு என்று இளைத்துக்கொண்டே போனதை எங்கள் வீட்டுப் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அதன் காரணத்தில் ஒரு பகுதி இப்போதுதான் விளங்குகிறது.

இந்த விலையைக் கொடுக்காமல் அதே நினைவை வாங்கித் தருவதுதான் தடுப்பூசி. 1954-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் எண்டர்ஸும் தாமஸ் பீபிள்ஸும், எட்மன்ஸ்டன் என்ற பள்ளிச் சிறுவனின் ரத்தத்திலிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கோழிக்கருவின் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்ததில் பிறந்த ஊசிக்கு 1963-இல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 1985-இல் தொடங்கிய பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது.

பிறந்தவுடன் ஏன் போடுவதில்லை? தாயின் எதிர்ப்பொருள்கள் தொப்புள்கொடி வழியாகவே பிள்ளைக்கு வந்துவிடுகின்றன. சில மாதங்கள் அவையே காவல். ஊசியில் இருக்கும் வலுவிழந்த வைரஸையும் அவை விட்டுவைக்காது. அவை கரையும் வரை பொறுத்து 9 மாதத்தில் போடுகிறார்கள். அந்த வயதில் போட்டாலும் நூறில் பதினைந்து குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. இரண்டாவது ஊசி முக்கியமாக அவர்களுக்காகத்தான்.

‘இயற்கையாக வருவதே சிறந்தது’ என்பவர்களுக்கு ரண ஜன்னியை, அதாவது டெட்டனஸை, சொல்ல வேண்டும். அதில் பிழைத்தவருக்கு எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. ஆளைக் கொல்ல அந்தக் கிருமியின் நஞ்சு துளி போதும்; உடம்பு அதை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள அந்தத் துளி போதாது. பிழைத்தவருக்கும் ஊசி போட்டே ஆகவேண்டும்.

நினைவும் எல்லாருக்கும் கடைசிவரை ஒரே மாதிரி நிற்பதில்லை. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு வேரில் ஒளிந்திருந்து, வயதாகி எதிர்ப்பு தளர்ந்ததும் அக்கியாகக் கிளம்புகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்ட சேக்காளிகள் எனக்கு உண்டு. அந்த எரிச்சல் எங்கள் பகையாளிக்கும் வேண்டாம்.

என் இடது கையில் அம்மை குத்திய தழும்பு இரண்டு, காலணா அகலத்துக்குப் பளபளவென்று இருக்கின்றன. பல் வைத்த சின்னச் சக்கரத்தைத் தோலில் அழுத்தித் திருகுவார்கள். குத்துகிறவர் வருகிறார் என்றால் வைக்கோல் போருக்குள் ஒளிவோம். என் பேரன் கையில் அந்தத் தழும்பு இல்லை. பெரியம்மை ஒழிந்தது என்று 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. தட்டம்மை இன்னும் ஒழியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது இரண்டு ஊசியும் போட்டிருந்தால்தான் அது பரவ வழியில்லாமல் நிற்கும். அவ்வளவு வேகமாகத் தொற்றுவது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் கிளம்பிய புரளியை நம்பி எத்தனையோ பெற்றோர் பள்ளியில் ஊசி வேண்டாம் என்றார்கள். அந்தச் செய்திகளை அடுத்த ஆளுக்கு அனுப்பியவர்களில் எங்கள் வயதுக்காரர்கள் குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். 9 மாதத்து ஊசி போட்டதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். 16 முதல் 24 மாதத்துக்குள் போடவேண்டிய இரண்டாவது ஊசி விட்டுப்போகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை போடுகிறார்கள், காசு கிடையாது. பெற்றவர்களுக்கு வேலை இருந்தால், தூக்கிக்கொண்டு போகத்தான் தாத்தா பாட்டிகள் நாம் இருக்கிறோமே.