கடைசி ரவுண்டில் விலை போனவர்கள்

ஐபிஎல் ஏலம் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. பையனுக்கு முதல் ஒரு மணி நேரம் போதும். யாருக்கு எத்தனை கோடி என்று பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவான். நான் கடைசி ஒரு மணி நேரத்துக்காகக் காத்திருக்கும் ஆள். "பேர் தெரியாத பசங்களை இவ்ளோ நேரம் உட்கார்ந்து பாக்கணுமா?" என்று தங்கமணி கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடன் விண்ணப்பம் பார்த்தே காலம் தள்ளும் எனக்கு, அந்தக் கடைசி மணி நேரம்தான் என் தொழில் மாதிரி தெரியும் :-)

2024 நவம்பர் 24, 25 தேதிகளில் ஜெத்தாவில் நடந்த ஏலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ரிஷப் பந்த் 27 கோடிக்குப் போனார். இரண்டாம் நாள், பெரிய பெயர்கள் எல்லாம் முடிந்தபிறகு, விக்னேஷ் புத்தூர் என்ற பையனை அடிப்படை விலையான 30 லட்சத்துக்கு மும்பை அணி எடுத்தது. பந்த் விலையில் தொண்ணூறில் ஒரு பங்கு. மறுநாள் எங்கள் கிளையில் கிரிக்கெட்டை விழுங்கி வைத்திருக்கும் மலையாளி நண்பரே "ஆரா இது?" என்றார்.

பெரிந்தல்மண்ணாக்காரர், அப்பா ஆட்டோ ஓட்டுநர். கேரள சீனியர் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடியதில்லை. 2024 செப்டம்பரில் இங்கே காரியவட்டம் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியத்தில் கேரள கிரிக்கெட் லீகின் முதல் சீசன் நடந்ததே, அதில் ஆலப்புழை அணிக்கு 3 ஆட்டம், 2 விக்கெட். அவ்வளவுதான் ஜாதகம்!

இந்த ஜாதகத்தை என் மேசையில் வைத்தால் நான் என்ன செய்வேன்? 'வரலாறு போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மும்பைக்காரர்கள் ஏன் திருப்பவில்லை? எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். முதல் ரவுண்டில் "இவன் என்ன செய்திருக்கிறான்?" என்று கேட்கலாம், பதில் புள்ளிவிவரத்தில் இருக்கும். கடைசி ரவுண்டில் எல்லாருடைய புள்ளிவிவரமும் சுமார்தான். அங்கே கேட்க வேண்டியது, "மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இவனிடம் இருக்கிறதா?" விக்னேஷ் இடது கையால் மணிக்கட்டைத் திருப்பிப் போடும் சுழல் பந்துவீச்சாளர். குல்தீப் யாதவைத் தவிர அந்த ரகத்தில் நம்மூரில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? பேட்ஸ்மேன்களும் அதிகம் பார்த்திராத பந்து அது.

அடுத்த கேள்வி, தப்பிப்போனால் எவ்வளவு நட்டம்? அந்த ஏலத்தில் ஒரு அணியின் மொத்தப் பணம் 120 கோடியாக இருந்தது. அதில் 30 லட்சம் என்பது கால் சதவீதம். மூன்றாவது, எடுத்தபின் என்ன செய்யப் போகிறோம்? அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு, தங்கள் கேப் டவுன் அணியின் வலைப்பயிற்சிக்குப் பந்து போட அனுப்பினார்கள். அங்கே ரஷீத் கான் இருந்தார்.

2025 மார்ச் 23, சேப்பாக்கம். ரோஹித் சர்மாவுக்குப் பதிலாக இம்பாக்ட் வீரராக இறங்கி ருதுராஜ், துபே, ஹூடா என்று வரிசையாக மூன்று விக்கெட். சென்னை ரசிகனான எனக்கு வயிறு எரிந்தது. நல்லவேளை, கடைசியில் ஜெயித்தது நாம்தான்!

அமெரிக்கக் கால்பந்தில் வீரர்களை ஏழு ரவுண்டுகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். 2000-ல் ஆறாவது ரவுண்டில் 199-வது ஆளாக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, பிறகு ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார். 2022-ல் 262-வது, அதாவது கடைசி ஆளாகப் போன பிராக் பர்டி, இரண்டே வருடத்தில் தன் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார்.

இதைப் படித்துவிட்டு 'கடைசியில் வருபவன்தான் வைரம்' என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியில் எடுக்கப்படுபவர்களில் பலர் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வீடு திரும்புகிறவர்கள். விக்னேஷே ஐந்து ஆட்டத்தில் 6 விக்கெட் எடுத்தபின் காலில் காயம்பட்டு விலகினார், மும்பை விடுவித்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் ராஜஸ்தான் எடுத்தது, மறுபடியும் அதே 30 லட்சம்! நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு நடந்தது தலைகீழ். 2017-ல் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது, சரியாக அமையவில்லை. அடுத்த வருடம் 40 லட்சத்துக்கு ஐதராபாத் எடுத்து, இரண்டு சீசன் ஆட்டமே தராமல் வைத்திருந்தது. 2020-ல் 16 விக்கெட், அப்படியே ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்கு. இந்த இரண்டு பேருக்கும் விலை ஒரு பக்கம் போனது, ஆள் ஒரு பக்கம் போனார்.

சரி, இதை ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு திருநெல்வேலிப் பையன் முத்ரா கடன் கேட்டு வந்தான். தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவன் (இங்கே 'தேப்பு' என்பார்கள்). சின்னதாக ஒரு கடை பிடிக்க 40,000 ரூபாய் வேண்டும். சிபிலில் பெயரே இல்லை, கடைக்கு உரிமம் இல்லை, முகவரிச் சான்று ஊர் முகவரியில். முடியாது என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது ஒரு நீள நோட்டை நீட்டி, "சார், இத மட்டும் ஒரு தடவ பாத்துருங்க" என்றான். பார்க்கவில்லை. மார்ச் மாதம், மேசை நிறையக் கோப்புகள்.

போன வருடம் கரமனைப் பக்கம் ஒரு கடையில் சட்டை கொடுத்தேன். அவன் கடை! அடையாளம் கண்டுகொண்டு டீ வாங்கிக் கொடுத்தான். வெளியே வட்டிக்கு வாங்கியிருக்கிறான். "வாரா வாரம் கட்டி பத்தே மாசத்துல அடச்சிட்டேன் சார்." குரலில் கோபமே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மேசையில் அதே மாதிரி நீள நோட்டு. புரட்டிப் பார்த்தேன். வீட்டு வாரியாக எத்தனை உருப்படி, எவ்வளவு வரவு, யார் பாக்கி, எல்லாம் தேதி போட்டு. ஒரு நாள்கூட விடுபடவில்லை. இந்த ஒழுங்கு எங்களிடம் கடன் வாங்கிய பெரிய கம்பெனிகள் சிலவற்றில் நான் பார்த்ததில்லை.

நான் கொடுத்த கடன் வாராக்கடன் ஆனால் அதற்கு ஒரு பேரேடு உண்டு, விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். கொடுக்காமல் விட்ட நல்ல ஆளுக்கு எந்தப் பேரேடும் இல்லை, யாரும் என்னைக் கேட்கப் போவதும் இல்லை. அதனாலேயே 'முடியாது' என்பது எங்களுக்கு எப்போதும் சுலபம்.

இப்போதும் திருப்பி அனுப்ப வேண்டியவர்களைத் திருப்பித்தான் அனுப்புகிறேன், விதிமுறை விதிமுறைதான். ஆனால் காகிதம் குறைவாக யாராவது வந்தால், முடிவு சொல்லும் முன் ஒன்று கேட்டுவிடுகிறேன்.

"கணக்கு நோட்டு ஏதாவது வச்சிருக்கீங்களா?"