கோண்டு வர்ற படம்

1987இல் எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம் ஓடும். எங்கள் சேரியில் டி.வி. கிடையாது. ஊருக்குள் ஒரு பண்ணைக்காரர் வீட்டில் இருந்தது. ஊர்ப் பிள்ளைகள் திண்ணையைத் தாண்டி உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நாங்கள் மாட்டுக்கொட்டகைப் பக்கமாகச் சுற்றிப் போய், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்போம். ஜன்னல் கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த வீட்டம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவும். நான் பார்த்த ராமனுக்குப் பாதி முகம்தான். மீதி முகம் ஜன்னல் கதவுக்குப் பின்னால் இருந்தது. பேசுவது இந்தி. உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் புரியவில்லை, வெளியே நின்ற எங்களுக்கும் புரியவில்லை. அந்த ஒன்றில்தான் ஊரும் சேரியும் சமமாக இருந்தது.

"அங்க போயி ஏண்டா நிக்கற? அவங்க ராமன் அவங்க வூட்டுலயே இருக்கட்டும்" என்று அம்மா திட்டும். நான் கேட்கவில்லை. 1988 ஜூலையில் ராமாயணம் முடிகிற வரைக்கும் போய் நின்றேன்.

பல வருசம் கழித்து ஒரு செய்தியைப் படித்தேன். அந்தத் தொடர் முடிந்த 1988இல் வடக்கே துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். வால்மீகி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மக்கள். உத்தர காண்டத்தையும் எடுக்க வேண்டும், அதில்தான் எங்கள் வால்மீகி வருகிறார் என்பது அவர்கள் கோரிக்கை. குப்பை நாறிய பிறகு அரசாங்கம் இறங்கி வந்தது. தொடரின் அடுத்த பகுதி எடுக்கப்பட்டது. அந்தக் கோரிக்கை சரியா தப்பா என்று நாம் விவாதிக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். அவர்களும் என்னைப் போல ஏதோ ஒரு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். பெட்டிக்குள் தன் முகம் எங்கே என்று தேடியிருப்பார்கள்.

2009இல் கொல்லிமலைக்கு வாத்தியார் வேலைக்கு வந்தேன். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்ததும் அதே வருசம்தான். காரவள்ளியில் பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. செம்மேட்டில் இறங்கி மறுபடி வண்டி பிடித்து ஆலத்தூர் நாட்டுக்குப் போக வேண்டும். நாடு என்றால் பெரிய தேசம் இல்லை, மலைக்கு மேல் இருக்கிற ஊராட்சிக்கு நாடு என்று பேர். மலையாளிப் பழங்குடிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. தங்களைக் கவுண்டர் என்றும் சொல்லிக்கொள்வார்கள். மரவள்ளி, மிளகு, காப்பி, பலா, கொஞ்சம் சாமை, கேழ்வரகு. விளைந்ததைக் கீழே இருந்து வரும் வியாபாரி முன்பணம் கொடுத்து முன்னாலேயே பேசி வைத்திருப்பான்.

ஒரு பெரியவர் வீட்டில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. முதல் நாளே பாட்டி கேட்டது: "சாரு என்ன ஆளுங்க?" நான், "கீழ இருந்து வந்தவன் பாட்டி" என்று சிரித்து வைத்தேன். நாமக்கல்லில் இருந்து மலை ஏறும்போதே யோசித்து வைத்திருந்த பதில் அது. கூட்டங்களில் அம்பேத்கரைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன்தான் நான். ஆனால் வாடகை அறைக்கு முன்னால் என் வாய் அடைத்துக்கொண்டது. பாட்டி தினமும் காலையில் பித்தளை டம்ளரில் காப்பி கொண்டுவந்து கொடுக்கும். நான் அதை ஒரு திருடனைப் போல வாங்கிக் குடித்தேன்.

2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் அந்த வீட்டுக்கும் ஒரு 14 அங்குலப் பெட்டி வந்திருந்தது. மலைக்குள் ஆண்டெனாவுக்குப் படம் விழாது, பூச்சி பறக்கும். குடை வைக்கக் காசு வேண்டும். அதனால் நான் ஒரு டி.வி.டி. பிளேயர் வாங்கிக்கொண்டு வந்தேன். மாதம் ஒருமுறை கீழே இறங்கும்போது தட்டுகள் வாங்கி வருவேன். பிள்ளைகளுக்கு வடிவேலு காமெடி. பாட்டிக்குப் பழைய சாமி படம், முடிந்துபோன சீரியல். எனக்கென்று நான் தேடியது வேறு. ஜன்னலுக்கு வெளியே நின்ற காலத்தில் தூர்தர்ஷனில் நான் தவறவிட்டதை எல்லாம் உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. 1988இல் வந்த 'தமஸ்' கிடைத்தது. பன்றியைக் கொல்லச் சொல்லி ஒரு தோல் தொழிலாளிக்கு ஐந்து ரூபாய் கொடுக்கிறார்கள், அந்தப் பன்றியை வைத்துக் கலவரம் மூட்டுகிறார்கள். அப்புறம் சென்னை போன நண்பர் ஒருவர் 'சத்கதி' வாங்கி அனுப்பினார். பிரேம்சந்தின் கதை. சத்யஜித் ராய் 1981இல் தூர்தர்ஷனுக்காக எடுத்தது. ஒரு மணி நேரம்கூட ஓடாது.

அதை ஒரு மழை ராத்திரியில் போட்டேன். பெரியவர், பாட்டி, என்னிடம் படிக்கும் நாலு பையன்கள். இந்திப் படம், கீழே இங்கிலீஷ் எழுத்து. நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன்.

துக்கி என்கிற சமார் தன் மகள் நிச்சயத்துக்கு நாள் குறித்துத் தரச் சொல்லிப் பிராமணன் வீட்டுக்குப் போகிறான். காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு. பிராமணன் வாசல் கூட்டச் சொல்கிறான், உமி சுமக்கச் சொல்கிறான், கடைசியில் பெரிய மரக்கட்டையைப் பிளக்கச் சொல்கிறான். சோறு தண்ணி கிடையாது. கட்டை பிளக்கவில்லை. துக்கி செத்துப்போகிறான். பிணம் கிணற்றுக்குப் போகிற வழியில் கிடக்கிறது. சேரியில் யாரும் பிணத்தை எடுக்க வரவில்லை. விடியும் முன்னே பிராமணன், தொடாமல், குச்சியால் காலைத் தூக்கிக் கயிற்றுச் சுருக்கை மாட்டி, இழுத்துக்கொண்டு போய்ச் செத்த மாடு போடுகிற இடத்தில் போடுகிறான்.

கயிற்றைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. மொழிபெயர்ப்பது நின்றுபோனது. "எங்கப்பா செத்த மாட்ட இப்படித்தான் கயிறு போட்டு இழுத்துக்கிட்டுப் போவாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

யாரும் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும். பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் கேட்டான்: "சார், எடையில ஒருத்தன் வந்து, எடுக்காதீங்கன்னு சொன்னானே, அவன் யாரு?"

"அவன் கோண்டு. உங்களப் போலப் பழங்குடி. துக்கி கட்டை பிளக்கும்போது அவன்தான் பக்கத்துல வந்து நின்னான். செத்த பிறகு சேரிக்குப் போயி, போலீசு விசாரணை வரும், பொணத்தத் தொடாதீங்கன்னு அவன்தான் சொன்னான்."

பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "இங்கயும் அப்படித்தான். நான் சின்னப் பையனா இருக்கையில காட்டிலாக்காக்காரன் வந்தா எங்கப்பன் எந்திரிச்சு நிப்பாரு. வெறகும் வெட்டிக் குடுக்கணும், கோழியும் குடுக்கணும். கூலி கேக்க முடியுமா?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவரும் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை காப்பி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பாட்டி வந்தது. அதே பித்தளை டம்ளர். "ஆறிப்போவுது, குடி" என்றது. அதுவரை என்னை 'குடிங்க' என்றுதான் சொல்லும். 'குடி' என்றது பாசமா, இறக்கமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பாட்டி இப்போது இல்லை, கேட்கவும் முடியாது. ஆனால் அந்த இரண்டு நாளை நான் மறக்கவில்லை. அந்த மூன்றாம் நாளையும் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு காலம் காத்திருந்தேன்.

'சத்கதி' மீது எனக்கு வழக்கு உண்டு. துக்கி சாகிறான், தமஸில் நத்துவும் சாகிறான். நம்மைப் பார்த்து இரக்கப்படுகிற கேமராவுக்கு நாம் சாவதுதான் பிடித்திருக்கிறது. துக்கியின் கையில் கோடாலி இருந்தது, அது கட்டையில்தான் இறங்கியது. ஆனால் அந்தக் கோண்டு என்னை விடவில்லை. பிரேம்சந்த் 1930களில் எழுதிய கதையில், சேரிக்கு ஓடிவந்து 'தொடாதே' என்று சொல்ல ஒரு பழங்குடி இருந்தான். 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பேரிலேயே தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் சேர்ந்துதான் நிற்கிறோம். சட்டத்தில் ஒரே வரியில் நிற்கிற நாம், மலைக்கு மேலேயும் கீழேயும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோமா? நான் என் பேரைச் சொல்லவே ஒரு படம் தேவைப்பட்டதே.

2020 மார்ச்சில் ஊரடங்கில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது தூர்தர்ஷன் மறுபடியும் அதே ராமாயணத்தைப் போட்டது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்தது என்று பெருமை வேறு. நான் இப்போது கீழே வேலை பார்க்கிறேன். என் சொந்த வீடு, சொந்தப் பெட்டி. ராமனின் முழு முகத்தையும் பார்க்கலாம். ஐந்து நிமிசம் பார்த்துவிட்டு அணைத்துவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் ஒரு போன் வந்தது. அன்று ராத்திரி படம் பார்த்த நாலு பேரில் ஒருவன். திருப்பூரில் பனியன் கம்பெனி மூடி, மலைக்குத் திரும்பி வந்திருக்கிறான். "சார், அன்னைக்கு நம்ம வூட்டுல போட்டீங்களே, ஒரு படம், அது பேரு என்ன சார்? நெட்டுல தேடணும்."

"எந்தப் படம்டா?"

"அதான் சார், கோண்டு வர்ற படம்."