ஸ்பிரிங்குக்கு அடியில்

பைக் எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து, ரிமூவரைப் போட்டு ஸ்பிரிங்கை அமுக்கினால் லாக் இரண்டும் மேக்னட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ரிட்டெய்னர், ஸ்பிரிங், வால்வு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுக்கு வரும். அதற்குப் பிறகும் குழிக்குள் ஒன்று மிச்சம் இருக்கும். ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த மெல்லிய எஃகு வட்டு, ஸ்பிரிங் சீட். அதிகம் ஓடாத எஞ்சினில் ஹெட்டைக் கவிழ்த்தாலே அது உதிரும். பல வருடம் ஓடிய வண்டியிலோ, ஹெட்டோடு சேர்த்தே வார்த்துவிட்டார்களோ என்று தோன்றும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் அது தனி உருப்படி என்பதையே கவனிக்காமல் துடைத்து வைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த வட்டுக்கு வேலை பெரியது. ஹெட் அலுமினியம், ஸ்பிரிங் கடினமான எஃகு. 97.2 சிசி ஹீரோ ஹோண்டா எஞ்சின் 8000 சுற்றில் ஓடும்போது கேம் அதில் பாதி வேகத்தில் சுழலும். அப்படியானால் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 4000 முறை, வினாடிக்கு 66 முறைக்கு மேல் திறந்து மூடுகிறது. அத்தனை முறையும் ஸ்பிரிங்கின் அடிச்சுற்று அசைந்து, கொஞ்சம் திரும்பி, தான் உட்கார்ந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். சீட் இல்லாவிட்டால் அலுமினியம் பள்ளமாகிவிடும். போதாக்குறைக்கு, சீட்டின் கனமும் ஸ்பிரிங்கின் உயரக் கணக்கில் சேரும். சீட்டை மறந்துவிட்டுப் பூட்டினால் ஸ்பிரிங் அந்த அளவுக்கு நீண்டு, இறுக்கம் குறைந்து, மேல் சுற்றில் வால்வு கேமோடு ஒத்துப்போகாமல் மிதக்கத் தொடங்கும்.

இந்தச் சீட் ஹெட்டோடு ஒட்டிக்கொள்வதற்கு முதல் காரணம் எண்ணெய். இந்தச் சிறிய எஞ்சின்களில் ஒரு லிட்டருக்கும் குறைவான ஆயில்தான் முழு வேலையையும் பார்க்கிறது. அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் ஹெட்டின் சூட்டில் காய்ந்து, முதலில் மஞ்சளாக, பிறகு பழுப்பாக, கடைசியில் கறுப்பு அரக்காக இறுகிவிடும். ஹீரோ ஹோண்டா சிலிண்டர் படுத்த வாக்கில் இருப்பது. இன்டேக் மேலே, எக்ஸாஸ்ட் கீழே. வழிகிற ஆயில் கீழ்க்குழியில்தான் தேங்கும், சூடும் அங்கேதான் அதிகம். அதனால் இன்டேக் பக்கம் விரலால் எடுக்க முடிகிற சீட், எக்ஸாஸ்ட் பக்கம் அசைய மறுக்கும். எந்த வண்டியில் ஆயில் ஒழுங்காக மாற்றினார்கள் என்பதை ஓனர் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குழியைப் பார்த்தாலே போதும்.

பட்டறையில் ஒரு தம்பி இருக்கிறான், கை வேகமானவன். ஒருநாள் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குழிக்குள் விடப்போனான்.

“எங்கே பிடிச்சிருக்குன்னு பார்த்தியாடா?” என்றேன்.

“சுத்தியும் பிடிச்சிருக்குண்ணே.”

“சுத்தின்னா? வெளி ஓரத்திலயா, உள் ஓட்டையிலயா, அடியிலயா?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிவதற்கு முன்னால் கையில் கருவி எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. அவன் டார்ச் அடித்துப் பார்த்தான். சீட்டை உண்மையில் பிடித்து வைத்திருந்தது பழைய ஆயில் சீல். வால்வுத் தண்டு நகர்கிற கைடின் தலையில் மாட்டியிருந்த ரப்பர் காய்ந்து உடைந்து, அதன் அடிவளையம் மட்டும் சீட்டின் உள் ஓரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. நோஸ் பிளையரால் திருகி அதை எடுத்ததும் பாதி வேலை முடிந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியிருந்தால் கைடு ஓரம் தெறித்திருக்கும். வார்ப்பிரும்பு கைடு வளையாது, உடையும்.

முன்பு யாராவது கைடின் தலையில் சுத்தியலால் தட்டியிருந்தாலும் இதே கதைதான். நுனி கொஞ்சம் விரிந்துபோய், சீட்டின் ஓட்டை அதைத் தாண்டி மேலே வராது. அடியில் தளர்வாகச் சுற்றும், ஆனால் ஏறாது. கைடு ஓட்டையில் பஞ்சை அடைத்துவிட்டு, விரிந்த ஓரத்தை நைஸ் கல்லால் தேய்த்து எடுத்தால் போதும்.

அரக்கால் ஒட்டியது என்று உறுதியானால் ஊறப்போட வேண்டியதுதான். குழியில் மண்ணெண்ணெயோ டீசலோ நிரம்ப ஊற்றி, போர்ட்டைத் துணியால் அடைத்து, ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். அவசரமானால் கார்புரேட்டர் கிளீனர் இன்னும் சீக்கிரம் வேலை செய்யும். காலையில் முதல் முயற்சி மேல்நோக்கி இழுப்பதாக இருக்கக் கூடாது. சீட்டைத் திருப்ப வேண்டும். நெம்பினால் ஒரு பக்கம் தூக்கி மறுபக்கம் இன்னும் இறுக்கும். திருப்பினால் அடியில் இருக்கிற ஒட்டு முழுவதும் ஒரே நேரத்தில் அறும். பித்தளைக் கம்பியின் நுனியைச் சீட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்து, லேசாக, வட்டம் போகிற திசையில் தட்டுவேன். ஒரு மயிரளவு நகர்ந்தால்கூட ஊறிய டீசல் புதிய இடைவெளிக்குள் இறங்கும். அந்த நகர்வு தெரிந்த பிறகு எனக்குக் கவலை இல்லை.

தூக்குவதற்குக் கடையில் கருவி தேட வேண்டாம். சைக்கிள் போக்ஸ் கம்பி இரண்டை எடுத்து, நுனியை வளைத்து, கல்லில் பிடித்துத் தட்டையாகத் தீட்டினால் கொக்கி தயார். சீட்டின் உள் ஓரத்தில் எதிரெதிராக இரண்டையும் மாட்டி ஒன்றாக இழுக்க வேண்டும். கம்பிக்குப் பலம் குறைவு என்பதுதான் அதன் சிறப்பு: நான் வரம்பு மீறி இழுத்தால் கொக்கி நிமிர்ந்துவிடும், ஹெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சூடு காட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். காட்டலாம், ஆனால் எந்த ஓரம் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 30 மி.மீ. அகலக் குழியில் 100 டிகிரி ஏற்றினால் குழிக்கும் சீட்டுக்கும் நடுவே சுமார் 0.03 மி.மீ. இடம் கிடைக்கும். தலைமுடியில் பாதி கனம்கூட இல்லை. இருந்தாலும் இந்த வேலைக்கு அது தாராளம். வெளி ஓரம் பிடித்திருக்கிற சீட் இப்படி விடுபடும். சில ஹெட்டுகளில் கைடைச் சுற்றி அலுமினியமே ஒரு படியாக எழும்பி நிற்கும், சீட்டின் உள் ஓட்டை அதன்மேல் உட்காரும். அங்கே சூடு காட்டினால் படி விரிந்து சீட்டை உள்ளிருந்து நெருக்கும். அந்த வகையை ஆறிய ஹெட்டில்தான் தொட வேண்டும்.

ஒரு மீன் வியாபாரியின் வண்டி எங்களிடம் வந்தது. வேறொரு பட்டறையில் பிரித்துப் போட்ட எஞ்சின், மழைக்காலம் முழுவதும் வீட்டுத் திண்ணையில் கிடந்திருக்கிறது. கடற்கரை ஊர், உப்புக்காற்று. சீட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் சேர்ந்து இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். இது அரக்கைவிடப் பிடிவாதமானது, டீசலில் கரையாது. ஹெட்டைச் சுத்தமாகக் கழுவி, ஒரு பழைய அண்டாவில் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, துடைத்து, சூடாக இருக்கும்போதே ஊடுருவும் எண்ணெய் விட்டோம். ஆறும்போது எண்ணெய் உள்ளே இழுபடும். மறுபடி கழுவி, கொதிக்க வைத்து, ஆறவிட்டோம். சாயங்காலம் பித்தளைக் கம்பிக்கு அது திரும்பியது. திரும்பும்போது கரகரவென்று ஒரு சத்தம் வரும். பொடி அரைபடுகிற சத்தம். எடுத்துப் பார்த்தால் சீட்டில் துருக்குழிகள், ஆனால் அடித்தளம் மட்டமாகவே இருந்தது. வியாபாரி அதுவரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டி ஓடாத நாளெல்லாம் அவருக்குப் பிழைப்பு இல்லை. புது ஹெட் வாங்கச் சொல்லுவோமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது, அதற்கு அவசியம் வரவில்லை.

சில இடங்களில் காஸ்டிக் சோடா கரைத்து ஹெட்டைப் போடுகிறார்கள். கறுப்பு போவது நிஜம், அலுமினியமும் சேர்ந்தே கரைகிறது. கேஸ் டார்ச்சை ஒரே இடத்தில் காட்டுவதும் வேண்டாம். ஹெட் முகம் வளையும், வால்வு உட்காருகிற இரும்பு வளையமே தளர்ந்துவிடலாம். உளி பற்றிப் பேசவே எனக்கு விருப்பமில்லை.

எடுக்காமலே விடலாமா என்றால், விடலாம். ஆயில் சீல் மட்டும் மாற்றுகிற வேலை, சீட் மட்டமாக, ஆடாமல் இருக்கிறது என்றால் அதைத் தொந்தரவு செய்ய மாட்டேன். வால்வுக்கு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலோ, கைடு மாற்றினாலோ கட்டாயம் எடுத்தாக வேண்டும். பேஸ்ட்டில் இருக்கிற பொடி சீட்டின் அடியில் ஒளிந்துகொண்டு, பிறகு ஆயிலோடு கிளம்பி கேமையும் கைடையும் அறுக்கும்.

எடுத்த சீட்டில் ஸ்பிரிங் பதிந்த தடம் நகத்துக்குத் தட்டுப்பட்டால் மாற்றிவிடுவேன், எக்ஸாஸ்ட், இன்டேக் இரண்டுக்கும் சேர்த்தே. மொத்தச் செலவில் அது ஒரு பொருட்டே இல்லை. குழியின் அடியை மரக்குச்சியால் சுரண்டி, துடைத்து, காற்றடித்து, புதிய சீட்டை வைத்து விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். சிக்காமல் சுற்றினால் புது ஆயில் சீல், அதன்மேல் ஸ்பிரிங். சுற்றுகள் நெருக்கமாக இருக்கிற முனை சீட்டின் பக்கம் வர வேண்டும். லாக் போட்ட பின் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி, வால்வு ஓரத்தில் கசிகிறதா என்று பார்த்துவிட்டு ஹெட்டை ஏற்றலாம்.